முதலில் ஆசிரியர், பிறகு ஊர்: ஜெர்மனியில் பியானோ படிக்கப் போகிறவர்களுக்கு

வெளிநாட்டில் பியானோ படிக்க விரும்புகிறவர்கள் வழக்கமாக நாட்டைத் தேர்ந்தெடுப்பதில் தொடங்குகிறார்கள். அடுத்து அந்த நாட்டின் புகழ்பெற்ற கல்லூரி, அதன் கட்டணம், அப்புறம் விசா. யாரிடம் படிக்கப் போகிறோம் என்ற கேள்வி கடைசியில் வருகிறது. பலருக்குச் சேர்ந்த பிறகுதான் வருகிறது. பொறியியலுக்கோ மருத்துவத்துக்கோ இந்த வரிசை சரியாக இருக்கலாம். பியானோவுக்கு அது தலைகீழ் வரிசை. முதலில் ஆசிரியர், அவர் இருக்கும் கல்லூரி, அந்தக் கல்லூரி இருக்கும் ஊர், கடைசியில் தாள்கள் என்று போகிறவருக்குச் செலவும் குறையும், இடம் கிடைக்கும் வாய்ப்பும் கூடும். இந்த அத்தியாயத்துக்கு ஜெர்மனியை எடுத்துக்கொள்கிறோம். அங்கே மூசிக்ஹோக்‌ஷூலே எனப்படும் அரசு இசைக் கல்லூரிகள் 24 இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் கல்விக் கட்டணம் இல்லை. அதனால் உலகின் எல்லாத் திசைகளிலிருந்தும் பியானோ மாணவர்கள் அங்கே போட்டியிடுகிறார்கள்.

ஏன் ஆசிரியர் முதலில்?

ஜெர்மன் இசைக் கல்லூரியில் இளங்கலை பொதுவாக எட்டு செமஸ்டர், முதுகலை நான்கு. கோட்பாடு, செவிப்பயிற்சி, இசை வரலாறு, சேம்பர் இசை எல்லாம் உண்டு. ஆனால் படிப்பின் மையம் வாரம் ஒருமுறை ஒரு பேராசிரியரிடம் தனியாக அமரும் ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம்தான். மீதி நாட்கள் முழுவதும் அந்த நேரத்தில் கேட்டதைக் கையில் கொண்டுவரும் முயற்சியிலேயே போகும். ஒரு பேராசிரியரிடம் இருக்கும் மாணவர்களின் தொகுதியை ‘வகுப்பு’ என்கிறார்கள். அதன் அளவு குறிப்பிட்டது. ஒருவர் படிப்பை முடித்து வெளியேறினால்தான் இன்னொருவர் உள்ளே வர முடியும். நுழைவுத் தேர்வில் வென்றும் சேர முடியாமல் போவது இதனால்தான். ‘தேர்ச்சி, ஆனால் இடமில்லை’ என்ற பதில் அங்கே வழக்கமான ஒன்று. நடுவர் குழுவுக்கு உங்கள் வாசிப்பு பிடித்திருக்கும், ஆனால் உங்களை எடுத்துக்கொள்ள எந்த வகுப்பிலும் காலியிடம் இருந்திருக்காது. கல்லூரியின் பெயரைப் பார்த்து விண்ணப்பித்தவர் இந்தக் கடிதம் வந்ததும் குழம்பிப் போவார். ஆசிரியரைப் பார்த்து விண்ணப்பித்தவர், அவர் வகுப்பில் அடுத்த அக்டோபரில் எத்தனை இடம் திறக்கும் என்பதை முன்பே கேட்டு வைத்திருப்பார்.

இதற்குப் பழைய சான்றும் இருக்கிறது. சிலி நாட்டில் 1903இல் பிறந்த கிளாவ்தியோ அர்ராவ், எட்டு வயதில் தன் நாட்டு அரசின் உதவித்தொகையோடு பெர்லினுக்கு அனுப்பப்பட்டார். நாடு, நகரம், பணம், கூடவே வந்த தாய் என எதற்கும் குறையில்லை. ஆனாலும் முதலில் அமைந்த ஆசிரியர்களிடம் அவருக்கு ஒத்துவரவில்லை. லிஸ்ட்டின் மாணவரான மார்ட்டின் கிராவுசேயிடம் சேர்ந்த பிறகுதான் அவர் வாசிப்பு உருப்பெற்றது. 1918இல் கிராவுசே இறந்தபோது அர்ராவுக்குப் பதினைந்து வயது. அதன் பிறகு அவர் வேறு ஆசிரியரைத் தேடவே இல்லை. முதல் ஆசிரியர்களிடம் இருந்தபோதும் பெர்லின் அதே பெர்லின்தான்; மாறியது ஆசிரியர் மட்டுமே.

நியாயமான ஒரு மறுப்பு எழும்: நாளை வேலைக்குப் போகும்போது கல்லூரியின் பெயருக்குத்தானே மதிப்பு? ஓரளவு உண்மை. சென்னையிலோ கொழும்பிலோ சிங்கப்பூரிலோ கற்பிக்கத் திரும்புகிறவருக்குப் பெரிய பெயர் உதவும். ஆனால் அந்தப் பெயர் எப்படி உண்டாகிறது என்பதைக் கவனியுங்கள். ஹானோவர் கல்லூரியின் பியானோப் புகழில் கார்ல்-ஹைன்ஸ் கெம்மர்லிங் என்ற ஒரே ஆசிரியரின் பங்கு மிகப் பெரியது. லார்ஸ் ஃபோக்ட் அவரிடம் படித்து, பின்னாளில் அதே கல்லூரிக்குப் பேராசிரியராக வந்தார். இத்தகைய ஆசிரியர் ஓய்வு பெற்றாலோ இறந்தாலோ பெயர் சில ஆண்டுகள் நிற்கும், கல்வி நிற்காது. மேலும், இசை உலகில் உங்களைக் கேட்கும் இரண்டாவது கேள்வியே ‘யாரிடம் படித்தீர்கள்’ என்பதுதான்.

படி 1: உங்கள் நிலையை நேர்மையாக அளந்துகொள்ளுங்கள் (18 முதல் 24 மாதம் முன்)

நம் பகுதி மாணவர்களிடம் அதிகம் காணப்படும் தவறு, எட்டாம் கிரேடு சான்றிதழை நுழைவுத் தேர்வுக்கான தகுதியாக எடுத்துக்கொள்வது. ஏபிஆர்எஸ்எம், டிரினிட்டி போன்ற தேர்வுகளில் எட்டாம் கிரேடு என்பது சில துண்டுகளை நன்றாக வாசிப்பது. ஜெர்மன் நுழைவுத் தேர்வு முழுமையான ஒரு கச்சேரி நிகழ்ச்சியைக் கேட்கிறது. கல்லூரிக்குக் கல்லூரி விவரம் மாறினாலும் பட்டியலின் எலும்புக்கூடு இதுதான்: பாஹின் பலகுரல் படைப்பு ஒன்று, பெரும்பாலும் பிரிலூடும் ஃபியூகும், ஹைடன், மோட்சார்ட், பேட்டோவன் ஆகியோரில் ஒருவரின் முழு சொனாட்டா, ரொமான்டிக் காலத்துப் பெரிய படைப்பு ஒன்று, 20ஆம் நூற்றாண்டிலிருந்தோ நம் காலத்திலிருந்தோ ஒன்று. சில இடங்களில் எட்யூடும் உண்டு. சமகாலப் படைப்பு தவிர மற்றவை பொதுவாக மனப்பாடமாக இருக்க வேண்டும்.

இந்தப் பட்டியலை முடித்துவிட்டேன் என்று எப்போது சொல்லலாம்? எல்லாவற்றையும் ஒரே நாளில், நிறுத்தாமல், வேறொருவர் முன்னால், பழகாத பியானோவில் வாசிக்க முடிந்தால். கடைசி நிபந்தனை சாதாரணமானதல்ல. எலெக்ட்ரானிக் கீபோர்டிலோ டிஜிட்டல் பியானோவிலோ மட்டும் பயின்ற கை, கச்சேரி கிராண்ட் பியானோவின் விசை எடையையும் பெடலின் ஆழத்தையும் முதல்முறையாகத் தேர்வறையில் சந்திக்கக் கூடாது. வாரத்தில் சில மணி நேரமாவது கிராண்ட் பியானோ ஒன்றை வாடகைக்கோ கேட்டோ பெற வழி செய்துகொள்ளுங்கள். சென்னையில் 2008இல் தொடங்கிய கே.எம். இசைக் கல்லூரி போன்ற இடங்கள், தேவாலயங்கள், ஹோட்டல் அரங்குகள் என்று விசாரித்தால் வழி கிடைக்கும்.

*குறிப்பு:* கடினமான துண்டை எடுத்தால் நடுவர்கள் மதிப்பார்கள் என்று எண்ணாதீர்கள். பெரும் வித்தைப் படைப்பில் தடுமாறுகிறவரைவிட, மோட்சார்ட் சொனாட்டா ஒன்றின் மெதுவான பகுதியைப் பாட வைக்கிறவர் மேலே போவார். நடுவர்கள் எந்த இடத்திலும் நிறுத்தி வேறொன்றைக் கேட்பார்கள், அதனால் பட்டியலில் பலவீனமான துண்டை ஒளித்துவைக்க முடியாது.

படி 2: ஆசிரியரைத் தேடுங்கள் (12 முதல் 18 மாதம் முன்)

1. கல்லூரிகளின் தளங்களில் பியானோப் பேராசிரியர் பட்டியலை எடுத்து, அவர்களுடைய வாசிப்பையும், அதைவிட முக்கியமாக அவர்களுடைய மாணவர்களின் வாசிப்பையும் கேளுங்கள். சிறந்த கலைஞர் சிறந்த ஆசிரியராக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மாணவர்கள் எல்லோரும் ஒரே மாதிரி வாசித்தால் யோசியுங்கள். ஒவ்வொருவரும் தன் குரலில், ஆனால் எல்லோரும் நல்ல ஒலியோடு வாசித்தால் அது நல்ல வகுப்பு.

2. ஐந்தாறு பேரைத் தேர்ந்து ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக மின்னஞ்சல் எழுதுங்கள். பத்து வரி போதும்: வயது, இப்போதைய ஆசிரியர், தயாராக இருக்கும் படைப்புகள், வெட்டு ஒட்டு இல்லாத இரண்டு காணொளிகள். ‘என்னைச் சேர்த்துக்கொள்ளுங்கள்’ என்று எழுத வேண்டாம். ‘உங்களுக்கு ஒருமுறை வாசித்துக் காட்ட அனுமதி வேண்டும்’ என்று கேளுங்கள். சேர்க்கை குழுவின் முடிவு, தனி ஆசிரியர் வாக்குக் கொடுக்க முடியாது. அது தெரிந்தவராக நீங்கள் எழுதினால் பதில் வரும் வாய்ப்பு கூடும். ஒரே கடிதத்தை ஐம்பது பேருக்கு அனுப்பாதீர்கள். ஜெர்மன் பியானோ உலகம் சிறியது, அவர்கள் ஒருவரோடொருவர் பேசிக்கொள்வார்கள்.

3. நேரில் ஒரு சோதனைப் பாடம் எடுங்கள். விமானச் செலவு தாங்காது என்றால் இணையவழியில் ஒன்றாவது. கட்டணம் உண்டா, எவ்வளவு என்று முன்கூட்டியே கேட்பதில் தவறில்லை. கோடைக்கால மாஸ்டர் வகுப்புகள் இதற்கு நல்ல வழி. வாசிக்கும் பங்கேற்பாளராகவே சேருங்கள், பார்வையாளராகச் சேர்ந்தால் உங்களை யாரும் கேட்க மாட்டார்கள்.

4. பாடம் முடிந்த மறுநாள் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள்: அவர் சொன்னதில் எதை நான் இன்று தனியாகச் செய்ய முடிகிறது? பாராட்டு நினைவில் இருந்து, செய்ய எதுவும் இல்லையென்றால் அது நல்ல பாடமல்ல.

5. கடைசியாக மூன்று கேள்விகள் கேளுங்கள். அடுத்த செமஸ்டரில் வகுப்பில் இடம் திறக்குமா? நீங்கள் கச்சேரிப் பயணத்தில் இருக்கும்போது யார் பாடம் எடுப்பார்? உங்கள் ஓய்வு எப்போது? மூன்றாவதைக் கேட்கக் கூச்சமாக இருந்தால் அலுவலகத்திடமோ பழைய மாணவரிடமோ விசாரியுங்கள். ஜெர்மன் பேராசிரியர்கள் பெரும்பாலும் அறுபதுகளின் நடுவில் ஓய்வு பெறுகிறார்கள். நான்கு ஆண்டுப் படிப்பைத் தொடங்குகிறவருக்கு இது அடிப்படைத் தகவல்.

எச்சரிக்கை ஒன்று. சேர்க்கைக்கு உத்தரவாதம் தருகிறேன், ஆசிரியரிடம் பேசி முடிக்கிறேன் என்று பணம் கேட்கும் இடைத்தரகரை அந்த நிமிடமே விட்டு விலகுங்கள். முடிவு குழுவினுடையது என்பதால் அந்த உத்தரவாதத்தை யாராலும் தர முடியாது.

‘அறிமுகம் இல்லாத ஊரில், கடிதம் எழுதினால் யார் பதில் போடுவார்கள்?’ என்ற தயக்கம் புரிகிறது. எல்லோரும் போட மாட்டார்கள். ஆனால் பேராசிரியர்களுக்கும் நல்ல மாணவர் தேவை. அவர்கள் வகுப்பின் தரம்தான் அவர்கள் பெயர். பதில் வராததை நிராகரிப்பாக எடுத்துக்கொள்ளாமல், மூன்று வாரம் கழித்து ஒரே ஒரு நினைவூட்டல் எழுதுங்கள். அதற்கும் பதில் இல்லையென்றால் அடுத்தவரிடம் போங்கள்.

படி 3: காதையும் நாவையும் தயார் செய்யுங்கள் (படி 2 நடக்கும்போதே)

பியானோவில் வென்று கோட்பாட்டுத் தேர்வில் தோற்பவர்கள் உண்டு. இடைவெளிகளையும் கார்டுகளையும் காதால் அடையாளம் காணுதல், கேட்ட மெட்டையும் தாளத்தையும் எழுதுதல், கொடுத்த பாஸுக்கு நான்கு குரல் இசைவு அமைத்தல் ஆகியவை வழக்கமான பகுதிகள். கர்நாடக இசைப் பயிற்சி உள்ளவர்களுக்கு ஒற்றை மெட்டை எழுதுவது எளிதாக வரும், ஆனால் அந்த எளிமையை நம்பி உட்கார்ந்துவிடக் கூடாது. இரண்டு குரல் சேர்ந்து நகர்வதைப் பிரித்துக் கேட்பதும், ஒரு கார்டு எந்தத் தலைகீழ் நிலையில் இருக்கிறது என்று சொல்வதும் வேறு பயிற்சி. தினமும் இருபது நிமிடம், ஓராண்டு முழுக்கத் தேவை. கடைசி மாதத்தில் திணிக்க முடியாத பாடம் இது.

ஜெர்மன் மொழிக்கும் இதே விதி. கல்லூரியைப் பொறுத்து பி1 அல்லது பி2 நிலைச் சான்று கேட்பார்கள். சில இடங்களில் சேர்ந்த பிறகு ஓராண்டுக்குள் காட்டினால் போதும். ‘ஆசிரியர் ஆங்கிலம் பேசுவார், அப்புறம் ஜெர்மன் எதற்கு’ என்பது பலர் கேட்கும் கேள்வி. பாடம் ஆங்கிலத்தில் நடக்கலாம். கோட்பாட்டு வகுப்பும் வாடகை ஒப்பந்தமும் மருத்துவரும் அப்படி இருக்க மாட்டார்கள்.

படி 4: விண்ணப்பமும் தாள்களும்

குளிர்கால செமஸ்டர் அக்டோபரில் தொடங்கும். அதற்கான விண்ணப்பம் பல கல்லூரிகளில் மார்ச், ஏப்ரலில் முடிந்துவிடும். தேர்வுகள் மே, ஜூன் மாதங்களை ஒட்டி வரும். விண்ணப்பத்தில் விரும்பும் ஆசிரியரின் பெயரைக் கேட்பார்கள். படி 2இன் பலன் இங்கேதான் தெரியும். அந்தக் கட்டத்தைக் காலியாக விடாதீர்கள்.

1. நான்கு அல்லது ஐந்து கல்லூரிகளுக்கு விண்ணப்பியுங்கள். ஒவ்வொன்றும் தனிக் கட்டணம் கேட்கலாம், தேர்வு நாட்கள் மோதலாம். முதலில் காணொளி கேட்கும் கல்லூரிகளைச் சேர்த்துக்கொண்டால் பயணச் செலவு குறையும்.

2. கட்டணத்தைக் கல்லூரிவாரியாகப் பாருங்கள். பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலம் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருகிறவர்களிடம் 2017 முதல் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது. ஸ்டுட்கார்ட், ஃபிரைபுர்க், கார்ல்ஸ்ரூவே, மன்ஹைம் கல்லூரிகள் அந்த மாநிலத்தில் இருக்கின்றன. மெண்டல்சோன் 1843இல் தொடங்கிய லைப்ஸிக் கல்லூரியும் வெளிநாட்டவரிடம் கட்டணம் வாங்குகிறது. இதனால் மட்டும் நல்ல ஆசிரியரை விட்டுவிட வேண்டாம். சில இடங்களில் விலக்குக்கு விண்ணப்பிக்கலாம்.

3. பன்னிரண்டாம் வகுப்பு மட்டும் முடித்தவர்கள், தங்கள் சான்றிதழ் போதுமா என்று கல்லூரி அலுவலகத்திடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். கலைப் படிப்புகளில், சிறப்புத் திறமை காட்டுகிறவருக்குப் பள்ளித் தகுதியைத் தளர்த்தப் பல மாநிலங்களில் இடமுண்டு.

4. இந்தியாவில் படித்தவர்களுக்கு ஏபிஎஸ் எனப்படும் சான்றிதழ் சரிபார்ப்பு 2022 நவம்பர் முதல் மாணவர் விசாவுக்குத் தேவைப்படுகிறது. வாரக்கணக்கில் ஆகும் வேலை, சேர்க்கைக் கடிதம் வரும்வரை காத்திருக்க வேண்டாம்.

5. செலவுக்கான பணத்தை, பிளாக்டு அக்கவுன்ட் எனப்படும் முடக்கு கணக்கில் காட்ட வேண்டும். 2024 செப்டம்பர் முதல் அந்தத் தொகை ஆண்டுக்கு 11,904 யூரோ, அதாவது மாதம் 992. விண்ணப்பிக்கும் நாளில் தூதரகத் தளத்தில் மீண்டும் சரிபாருங்கள், அவ்வப்போது உயர்த்துகிறார்கள்.

இந்தப் படியின் மிகப் பெரிய ஆபத்து விசாவில் இருக்கிறது. தேர்வுக்காகச் சுற்றுலா விசாவில் போய், இடம் கிடைத்ததும் அங்கேயே அதை மாணவர் அனுமதியாக மாற்றிக்கொள்ளலாம் என்று நினைப்பவர்கள் உண்டு. ஷெங்கன் விசாவில் வந்த இந்திய, இலங்கைக் குடிமக்களுக்கு அது நடக்காது. ஊர் திரும்பித் தேசிய விசாவுக்கு முதலிலிருந்து வரிசையில் நிற்க வேண்டும்; அதற்குள் அக்டோபர் கடந்துவிடும். தேர்வுக்குப் போகும்போதே ‘படிப்புக்கு விண்ணப்பிப்பவர்’ என்ற வகை விசாவைக் கேளுங்கள். இடம் கிடைத்தால் அங்கிருந்தே அனுமதியை மாற்றிக்கொள்ள முடியும்.

படி 5: தேர்வு நாள்

இரண்டு நாள் முன்பே ஊருக்குப் போய்ச் சேருங்கள். பயிற்சி அறை தருவார்களா என்று முன்னதாக எழுதிக் கேளுங்கள். தேர்வறையில் இருக்கையின் உயரத்தைச் சரிசெய்ய எடுத்துக்கொள்ளும் அரை நிமிடத்தை யாரும் தவறாக நினைக்க மாட்டார்கள். முதல் துண்டை நீங்களே தேர்ந்தெடுக்கச் சொன்னால், கை குளிர்ந்திருந்தாலும் நம்பி வாசிக்கக்கூடியதை எடுங்கள். நடுவர்கள் இடையில் நிறுத்தினால் பதற வேண்டாம், அவர்களுக்கு நேரம் குறைவு.

படி 6: போன பிறகு வீடு, பயிற்சி, கை

பியானோ மாணவரின் வீட்டுத் தேடல் மற்ற மாணவர்களுடையதைப் போன்றதல்ல. வாடகை ஒப்பந்தம் போடும் முன்பே, வாசிக்கலாமா என்று எழுத்தில் கேளுங்கள். இரவு பத்து முதல் காலை ஆறு வரை அமைதி நேரம். மற்ற நேரத்தில் எவ்வளவு வாசிக்கலாம்? ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில் ஒரு டிரம்பெட் கலைஞர் வழக்கில் ஒரு பொது அளவு சொன்னது: வேலை நாளில் இரண்டு முதல் மூன்று மணி, ஞாயிறிலும் விடுமுறையிலும் ஒன்று முதல் இரண்டு மணி. ஆறு மணி நேரம் பயிற்சி வேண்டியவருக்கு அது போதாது. எனவே கல்லூரிக்கு நடந்து போகும் தூரத்தில் சிறிய அறை, விடியற்காலைப் பயிற்சி அறை, வீட்டில் ஹெட்ஃபோன் வைத்த டிஜிட்டல் பியானோ என்பதே நடைமுறை. ஹெட்ஃபோன் போட்டாலும் விசையின் தட்டொலியும் பெடலின் இடியும் கீழ்வீட்டுக் கூரையில் இறங்கும், அடியில் அதிர்வு தாங்கும் பாய் விரியுங்கள்.

வருமானத்தில் ஒரு பொறி இருக்கிறது. வெளிநாட்டு மாணவர் ஆண்டுக்கு 140 முழு நாள் வேலை பார்க்கலாம் என்ற விதி, சம்பளத்துக்கு வேலை பார்ப்பதற்கானது. வீடுவீடாகப் பியானோ பாடம் எடுப்பதும், கட்டணம் வாங்கிக்கொண்டு பாடகருக்குத் துணை வாசிப்பதும் சுயதொழிலாகக் கருதப்படலாம். அதற்கு வெளிநாட்டவர் அலுவலகத்தின் தனி அனுமதி தேவை. முதல் மாணவரை ஏற்கும் முன் அதை வாங்குங்கள்.

இனி கை. ஊரில் இரண்டு மணி நேரம் வாசித்தவர், அங்கே போன முதல் மாதமே ஆறு மணிக்குத் தாவுகிறார். கூடவே குளிர், கனமான விசை, புதிய ஆசிரியரின் புதிய உத்தி. காயம் வருவது இந்த மாதங்களில்தான். நேரத்தை வாரத்துக்கு அரை மணி வீதம் மட்டும் கூட்டுங்கள். முக்கால் மணிக்கு ஒருமுறை எழுந்து நில்லுங்கள். ‘வலியைத் தாண்டி வாசித்தால் பழகிவிடும்’ என்ற அறிவுரையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள். அமெரிக்கப் பியானோ மேதை லியோன் ஃபிளைஷர் 1960களின் நடுவில், முப்பத்தாறு வயதில், வலது கை விரல்களின் கட்டுப்பாட்டை இழந்தார். ஃபோக்கல் டிஸ்டோனியா எனப்படும் நரம்புக் கோளாறு அது. முப்பது ஆண்டுக்கு மேல் இடது கைக்கான படைப்புகளையும் கற்பித்தலையும் நம்பி வாழ்ந்தார். வலியோ விரல் தானாகச் சுருளுவதோ இரண்டு நாள் நீடித்தால் வாசிப்பை நிறுத்தி, ஆசிரியரிடமும் மருத்துவரிடமும் சொல்லுங்கள். சொன்னால் ஆசிரியர் பலவீனமாக நினைப்பார் என்ற அச்சம் பலரை மாதக்கணக்கில் மௌனமாக்குகிறது. ஹானோவர் கல்லூரியில் இசைக் கலைஞர்களின் மருத்துவத்துக்கென்றே ஒரு நிறுவனம் இயங்குகிறது. இது வெட்கப்பட வேண்டிய நோய் என்றால் அப்படியொன்று தேவைப்பட்டிருக்காது.

தேர்ந்த ஆசிரியர் பொருந்தாவிட்டால்?

இந்த அத்தியாயத்தின் வாதத்துக்கு எதிரான வலுவான கேள்வி இதுதான்: எல்லாவற்றையும் ஒரே மனிதர்மேல் கட்டினால், அவர் தவறாக அமைந்தால் எல்லாமே போகாதா? போகாது, காலத்தில் மாற்றினால். நார்வேயிலிருந்து 1858இல் லைப்ஸிக் வந்த எட்வர்ட் கிரீக்குக்கு அப்போது பதினைந்து வயது. பிளைடி என்ற முதல் பியானோ ஆசிரியர் செர்னி, கிளெமென்டி பயிற்சிகளிலேயே அவரை நிறுத்தி வைத்திருந்தார். சிறுவன் கல்லூரித் தலைமையிடம் போய் மாற்றம் கேட்டான், கிடைத்தது. வென்ஸெல் என்ற ஆசிரியரிடம் மனநிறைவோடு படித்தான். அன்றைக்கே முடிந்த காரியம் இன்றைக்கும் முடியும், முறையாகக் கேட்டால்.

1. ஒரு செமஸ்டராவது முழுமையாக முயலுங்கள். முதல் மூன்று மாதத்தின் திணறல் பெரும்பாலும் மொழியும் குளிரும் தனிமையும் சேர்ந்தது, ஆசிரியருடையது அல்ல.

2. பிரச்சினையை ஆசிரியரிடமே, குறிப்பிட்ட ஒன்றாகச் சொல்லுங்கள்: ‘எனக்கு இந்த இடத்தில் கைநிலை புரியவில்லை, செய்து காட்ட முடியுமா’ என்பது போல. பல பொருத்தமின்மைகள் இந்தக் கட்டத்திலேயே தீர்ந்துவிடும்.

3. தீராவிட்டால், வேறு ஆசிரியரிடம் ரகசியமாகப் பாடம் எடுக்காதீர்கள். நடைபாதையில் ஒரே நாளில் தெரிந்துவிடும். துறைத் தலைவரிடமோ வெளிநாட்டு மாணவர் அலுவலகத்திடமோ போய் மாற்றத்துக்கான விதியைக் கேளுங்கள். எழுத்து விண்ணப்பம், கெடு தேதி, புதிய ஆசிரியரின் ஒப்புதல் ஆகிய மூன்றும் பொதுவாகத் தேவைப்படும்.

4. புதியவரின் ஒப்புதல் கிடைத்ததும், மற்றவர் வழியாகத் தெரியவரும் முன், பழைய ஆசிரியரிடம் நீங்களே நேரில் போய்ச் சொல்லி நன்றி கூறுங்கள். இறுதித் தேர்வில் நடுவர் நாற்காலியில் அவரும் அமர்ந்திருக்கக்கூடும்.